இல்லாத திரள்களைக் கணினியில் படைப்பது எதற்காக? யூக்ளிட், ரோமன் ஆய்வுகளும் மாதிரி வானங்களும்

செட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இயற்பியல் கற்பிக்கிறேன். யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கி 2025 மார்ச் 19 அன்று வெளியிட்ட முதல் தரவுத் தொகுதியின் படங்களை வகுப்பில் காட்டி, அந்தத் தொலைநோக்கி 2023 ஜூலையில் ஏவப்படும் முன்பே அதற்காகக் கோடிக்கணக்கான விண்மீன் திரள்களைக் கணினியில் உருவாக்கி வைத்திருந்தார்கள் என்று சொன்னேன். உண்மையான திரள்களையே படம் பிடிக்கப் போகிறவர்கள் இல்லாத திரள்களை ஏன் படைக்க வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். தரவைக் கையாளப் பழகுவதற்காக என்று விடை சொன்னேன். அது பொய்யில்லை என்றாலும், அத்தனை மீக்கணினி நேரத்தைச் செலவிட அது ஒன்றே காரணமாக இருக்க முடியாது என்று எனக்கே படுகிறது. அடுத்ததாக நாசாவின் ரோமன் தொலைநோக்கி வரவிருக்கும் இந்த வேளையில் இதை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இத்துறையில் இருப்பவர்கள் விளக்க வேண்டும்.

ரோஸ்பேங்க் கணினியறை எழுதியது:

வணக்கம் அம்மா. கேப் டவுனில் இத்தகைய மாதிரி வானப் பட்டியல்களோடுதான் என் அன்றாட வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொலைநோக்கி நமக்குத் தருவது வானில் உள்ள திரள்களின் பட்டியல் அன்று. அவற்றுள் அதற்கு அகப்பட்டவற்றின் பட்டியல் மட்டுமே. மங்கலானவை விடுபடும். தூசு மூடியவை விடுபடும். ஒரே பார்வைக் கோட்டில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு திரள்கள் ஒரே பொருளாகப் பதிவாகும். விடுபட்டவை எத்தனை, தவறாகப் பதிவானவை எத்தனை என்பதை அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் சொல்ல இயலாது. கணினியில் படைத்த வானத்திலோ ஒவ்வொரு திரளின் இடம், தொலைவு, நிறை, வடிவம் எல்லாமே நமக்கு முன்கூட்டியே தெரியும். அந்த வானத்தைத் தொலைநோக்கியின் ஆடி, உணரிகளின் இரைச்சல், காஸ்மிக் கதிர்க் கீறல்கள் ஆகியவற்றின் வழியே செலுத்திப் படமாக்கி, உண்மைத் தரவை ஆராயப் போகும் அதே மென்பொருளிடம் கொடுத்துவிட்டு, அது திருப்பித் தரும் பட்டியலை நாம் போட்ட பட்டியலோடு ஒப்பிடலாம். எடை தெரிந்த படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பது போன்ற வேலைதான் இது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். யூக்ளிட்டின் அகச்சிவப்பு நிறமாலைமானி ஒரு மங்கலான திரளிடமிருந்து 1500 நானோமீட்டரில் ஒற்றை ஒளிர்வரியைப் (ஒரு தனிமம் தனக்கே உரிய அலைநீளத்தில் உமிழும் ஒளியை) பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஹைட்ரஜன் ஆல்ஃபா வரியாக இருந்தால், அதன் இயல்பான அலைநீளம் 656.3 நானோமீட்டர் என்பதால், செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் அளவு) 1.29 ஆகிறது, ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 900 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும். அதே வரி இருமுறை அயனியான ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் வரியாக இருந்தால் செம்பெயர்ச்சி 2.00, ஒளியின் வயது 1,000 கோடி ஆண்டுகளைத் தாண்டிவிடும். இருமுறை அயனியான கந்தகத்தின் 953.1 நானோமீட்டர் வரியாக இருந்தாலோ செம்பெயர்ச்சி வெறும் 0.57 தான். இரண்டாவது வரி ஒன்று கிடைத்தால் ஐயம் தீரும். ஆனால் மங்கலான திரள்களில் பெரும்பாலும் ஒரே வரிதான் இரைச்சலுக்கு மேல் தலை நீட்டும். பல வடிகட்டிகளில் எடுத்த நிறங்கள் துணை செய்யும் என்றாலும் அவையும் எப்போதும் போதாது. இப்படித் தவறான தொலைவில் வைக்கப்படும் திரள்கள் எத்தனை விழுக்காடு என்று தெரியாமல் அந்தப் பட்டியலிலிருந்து அண்டத்தின் விரிவு வரலாற்றைக் கணக்கிட்டால், பிழை நேரே, அந்த விரிவை விரைவுபடுத்தும் இருண்ட ஆற்றலின் மதிப்பில் போய் உட்கார்ந்துவிடும். அந்த விழுக்காட்டை முன்கூட்டிச் சொல்ல, மூன்று வகைத் திரள்களும் சரியான விகிதத்தில் கலந்த ஒரு வானம் நம் கையில் இருக்க வேண்டும்.

வடிவ அளவீட்டில் கெடுபிடி இன்னும் அதிகம். முன்னே இருக்கும் கரும்பொருள் (ஒளிவிடாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள்) பின்னே இருக்கும் திரளின் ஒளியை வளைப்பதால் அதன் வடிவில் ஏற்படும் மாற்றம் ஏறத்தாழ ஒரு விழுக்காடு மட்டுமே. அந்தச் சிறு மாற்றத்தை அளப்பதில் வரும் பெருக்கல் பிழை (அளவை ஒரே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ காட்டும் பிழை) ஆயிரத்தில் இரண்டைத் தாண்டக் கூடாது என்பது யூக்ளிட் தனக்கே விதித்துக்கொண்ட வரம்பு. விடை தெரிந்த படங்கள் இல்லாமல் இந்த வரம்பைச் சரிபார்க்க வழியே இல்லை.

இனி யூக்ளிட்டின் முதன்மைச் சிமுலேஷனான ஃபிளாக்‌ஷிப் எப்படி உருவானது என்று சொல்கிறேன். அதன் இரண்டாம் பதிப்பு சுவிட்சர்லாந்தில் இருந்த பீஸ் டைன்ட் என்ற மீக்கணினியில் இயக்கப்பட்டது. கரும்பொருளைக் குறிக்கும் 4 லட்சம் கோடித் துகள்கள் ஈர்ப்பு விசையால் மட்டும் ஒன்றையொன்று இழுத்து, அண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து இன்று வரை எப்படித் திரண்டன என்று அது கணித்தது. துகள் என்ற சொல்லைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். அவற்றில் ஒவ்வொன்றும் 100 கோடி சூரியன்களுக்கு மேற்பட்ட நிறை கொண்டது. நம் பால்வெளியைத் தாங்கி நிற்கும் கரும்பொருள் ஹாலோ (திரளைச் சூழ்ந்த கரும்பொருள் திரட்சி) போன்ற ஒன்று அந்தச் சிமுலேஷனில் ஆயிரத்துக்கும் குறைவான துகள்களின் குவியலாகத்தான் தெரியும். அதில் வாயு இல்லை, விண்மீன் இல்லை, ஒளியும் இல்லை. எந்த ஹாலோவில் எத்தனை திரள்கள், அவை எந்த நிறத்தில், எவ்வளவு பிரகாசத்தில் இருக்கும் என்பதையெல்லாம் ஏற்கெனவே நோக்கப்பட்ட திரள்களின் எண்ணிக்கைக்கும் அவை கொத்தாக அமையும் விதத்துக்கும் பொருந்துமாறு பிறகுதான் நிரப்பினார்கள். வானத்தின் எட்டில் ஒரு பங்கில், செம்பெயர்ச்சி 3 வரை, 340 கோடித் திரள்கள் கொண்ட பட்டியல் இப்படித்தான் பிறந்தது.

மாரிட்ஸ்பர்க் பொறியாளர் எழுதியது:

தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி, மகிழ்ச்சி. ஆனால் உங்கள் கடைசிப் பத்திதான் என்னை உறுத்துகிறது. ஏற்கெனவே நோக்கப்பட்டவற்றுக்குப் பொருந்துமாறு நிரப்பினார்கள் என்கிறீர்கள். அப்படியானால் அந்த வானம் நமக்குத் தெரிந்ததைத் தவிர வேறெதையும் திருப்பித் தராது. இதுவரை நோக்கப்படாத ஆழத்துக்குப் புதிய தொலைநோக்கியை அனுப்பப் போகிறோம். அங்கே என்ன இருக்கும் என்பதற்கு, தெரிந்த இடத்தில் பொருத்திய வளைகோட்டைத் தெரியாத இடத்துக்கு நீட்டி விடை சொல்கிறோம். நான் பழகிய பொறியியலில் இது ஆபத்தான பழக்கம்.

கண்முன்னே சான்றும் இருக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்டது. அடுத்த ஆண்டு அது தரவு அனுப்பத் தொடங்கியதுமே, பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில பத்துக் கோடி ஆண்டுகளில் மாதிரிகள் எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான திரள்கள் மிகுதியாக இருப்பது தெரிந்துவிட்டது. பெருவெடிப்பு நிகழ்ந்து 30 கோடி ஆண்டுகள் ஆகும் முன்பே ஒளிவிட்ட, வெப்பின் ஜேட்ஸ் ஆய்வில் கண்ட திரள் ஒன்றைப் பற்றி நாம் எல்லோரும் படித்தோம். வெப் தொலைநோக்கிக்கும் முன்தயாரிப்பு மாதிரிகள் இருந்தனவே! அவை தவறிய இடத்தில், ரோமனுக்கான மாதிரிகளை நாம் எந்த நம்பிக்கையில் ஏற்பது?

ரோஸ்பேங்க் கணினியறை எழுதியது:

ஐயா, வெப் விஷயத்தில் நீங்கள் சொன்ன உண்மையை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு அவ்வளவு தூரம் நீளாது என்பதுதான் என் வாதம்.

மாதிரி வானத்தை ஒரே வேலைக்கு மட்டும் நாம் பயன்படுத்துவதில்லை. மென்பொருளின் பிழையை அளக்கும்போது, படைத்த வானமும் உண்மை வானமும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உண்மையில் வரக்கூடிய வடிவம், நிறம், நெரிசல் ஆகிய எல்லாமே அதற்குள் எங்கேனும் இடம் பெற்றிருந்தால் போதும், விகிதத்தைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். எத்தனை திரள்கள் கிடைக்கும் என்று கணித்து அதற்கேற்ப ஆய்வை வடிவமைக்கும்போதுதான் எண்ணிக்கை முழு எடை பெறுகிறது. உங்கள் எச்சரிக்கை அங்கே முற்றிலும் செல்லும்.

ஹைட்ரஜன் ஆல்ஃபா வரித் திரள்களையே பாருங்கள். யூக்ளிட்டின் ஒளிர்வு வரம்புக்கு மேல் ஒரு சதுர பாகையில் இவை எத்தனை கிடைக்கும் என்பதற்கு 2016இல் வெளியான கணிப்புகள் சுமார் 2,000 முதல் 4,800 வரை பரவிக் கிடந்தன. இரண்டு மடங்குக்கு மேற்பட்ட இடைவெளி இது. எண்ணிக்கை குறைவு என்றால் ஒவ்வொரு புலத்திலும் நீண்ட நேரம் நின்று ஆழமாகப் பார்க்க வேண்டும். மிகுதி என்றால் விரைந்து நகர்ந்து அகலமாகப் பார்க்கலாம். யூக்ளிட் 14,000 சதுர பாகைப் பரப்பை ஆறு ஆண்டுகளில் முடிக்க வேண்டியிருப்பதால், ஏவிய பிறகு சாவகாசமாக முடிவெடுக்கலாம் என்று இருக்க முடியாது. ரோமனின் ஆடி ஹப்பிளின் ஆடியைப் போலவே 2.4 மீட்டர் விட்டம் உடையது. ஆனால் ஒரே பார்வையில் அது காணும் பரப்பு ஹப்பிள் காண்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல். 2027 மே மாதத்துக்குள் அதை ஏவுவதாக நாசா பொறுப்பேற்றிருக்கிறது. அதிலும் இதே ஆழமா, அகலமா என்ற கேள்வி முன்கூட்டியே தீர்க்கப்பட்டாக வேண்டும்.

இங்கேதான் வெறும் பொருத்தலைவிட இயற்பியல் அடிப்படையிலான மாதிரி மேலானது என்று நான் கருதுகிறேன். 1978இல் வைட், ரீஸ் இருவரும் முன்வைத்த கருத்து எளியது: கரும்பொருள் ஹாலோவுக்குள் விழும் வாயு குளிர்ந்து, நடுவே இறங்கி, விண்மீன்களாகிறது. ஹாலோக்கள் ஒன்றோடொன்று இணைந்து வளர்ந்த வரலாற்றைக் கிளைவிட்ட மரம் போலக் கணினியிலிருந்து எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு கிளையிலும் வாயு எவ்வளவு குளிர்கிறது, எவ்வளவு விண்மீனாகிறது, சூப்பர்நோவாக்கள் எவ்வளவை வெளியே தள்ளுகின்றன, நடுவில் உள்ள கருந்துளை எப்போது வாயுவைச் சூடாக்கி விண்மீன் பிறப்பை நிறுத்துகிறது என்பவற்றைச் சமன்பாடுகளால் தொடர்ந்து செல்வதே அரைப் பகுப்பாய்வு முறை. டர்ஹாமில் வளர்ந்த கால்ஃபார்ம், ஆண்ட்ரூ பென்சன் எழுதிய கலாக்டிகஸ் ஆகியவை இவ்வகை. யூக்ளிட், ரோமன் இரண்டுக்கும் வரித்திரள் எண்ணிக்கையைக் கணிக்கக் கலாக்டிகஸ் பயன்பட்டிருக்கிறது. இதிலும் கையால் திருகும் அளவுருக்கள் பல உண்டு. ஆயினும் ஓர் அளவுருவைத் திருகினால் நிறமும் நிறையும் வரியின் வலிமையும் சேர்ந்தே அசைகின்றன. ஒன்றை மட்டும் நம் விருப்பப்படி நகர்த்த முடியாது என்பதே அதன் நேர்மை. வெப் காட்டிய மிகுதியைக் கண்டதும், விண்மீன் பிறப்பு விரைவா, தூசுக் குறைவா, திடீர் வெடிப்புகளாகப் பிறப்பதா என்று காரணத்தைத் தேட முடிந்ததும் இந்தக் கட்டமைப்பு இருந்ததனால்தான்.

வாயுவையே நேரடியாகக் கணிக்கும் நீரியக்கச் சிமுலேஷன்கள் இன்னும் ஆழமாகப் போகின்றன. ஆனால் அவற்றின் விலை மலைக்க வைக்கிறது. டிஎன்ஜி-300 சிமுலேஷன் 100 கோடி ஒளியாண்டுப் பக்கமுள்ள ஒரு கனசதுரத்துக்கே சுமார் 3.5 கோடிக் கணினி மணிநேரத்தை எடுத்துக்கொண்டது. யூக்ளிட் பார்க்கும் கனஅளவோடு ஒப்பிட்டால் அந்தக் கனசதுரம் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

கார்னார்வன் சாலை எழுதியது:

இந்த விவாதத்தில் நம் நாட்டு வானம் பற்றிய பேச்சே வரவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன். கரூவில் உள்ள மீர்காட் ரேடியோத் தொலைநோக்கியின் அலைவாங்கிகளோடு எனக்குத் தொழில்முறைத் தொடர்பு உண்டு. 64 அலைவாங்கிகள் கொண்ட மீர்காட், லதூமா என்ற ஆய்வின் மூலம் தென்வானில் ஒரே புலத்தை மிக நீண்ட நேரம் உற்று நோக்கித் தொலைதூரத் திரள்களின் நடுநிலை (அயனியாகாத) ஹைட்ரஜனைத் தேடுகிறது. சந்திரா ஆழ்புலத் தெற்கு என்று பெயர் பெற்ற அந்த வானப் பகுதி யூக்ளிட்டின் ஃபோர்னாக்ஸ் ஆழ்புலத்துக்குள்ளும் வருகிறது. அதாவது அதே திரள்களின் விண்மீன் ஒளியை யூக்ளிட் பார்க்க, அவற்றின் குளிர்ந்த வாயுவை நாம் கேட்கிறோம்.

தனித்தனித் திரள்களின் ரேடியோச் சமிக்ஞை இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும். ஒளியியல் பட்டியல் தரும் இடத்தையும் தொலைவையும் வைத்துப் பல திரள்களின் சமிக்ஞைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால்தான் சராசரியாவது வெளிப்படும். அந்தத் தொலைவில் பிழை இருந்தால், ரோஸ்பேங்க் நண்பர் காட்டிய ஒற்றை வரிக் குழப்பம் போல, வாயு இல்லாத அலைவெண்ணில் தேடி ஏமாந்து போவோம். ஆகவே நமக்குத் தேவைப்படும் மாதிரி வானத்தில் ஒளியும் வாயுவும் ஒரே இயற்பியலிலிருந்து பிறந்திருக்க வேண்டும். நிறத்தை ஓர் அட்டவணையிலிருந்தும் வாயுவை வேறோர் அட்டவணையிலிருந்தும் ஒட்டினால், இரண்டுக்கும் இடையிலான உறவு நாம் ஒட்டியபடியே இருக்குமே தவிர இயற்கை எப்படி அமைத்தது என்று சொல்லாது. 2019இல் வெளியான சிம்பா என்ற நீரியக்கச் சிமுலேஷனை நான் மதிக்கும் காரணம் இது. அதை வழிநடத்திய ரொமீல் டேவ் முன்பு நம் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எங்கோ நடக்கும் வேலை என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது.

மாரிட்ஸ்பர்க் பொறியாளர் எழுதியது:

வாயுவும் ஒளியும் சேர்ந்தே அசைய வேண்டும் என்ற வாதம் எனக்கு உடன்பாடே. ஆனாலும் இரண்டு இடங்களில் என் நிலையிலிருந்து நான் இறங்க மாட்டேன்.

ஒன்று, ஒரே ஒரு பெரிய வானத்தைச் செய்துவிட்டு ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் அதையே பல ஆண்டுகள் பயன்படுத்தினால், அவர்களின் மென்பொருள் அனைத்தும் அந்த வானத்துக்குப் பழகிவிடும். அதில் எந்த வகைத் திரள் இல்லையோ, அந்த வகையைக் கண்டுகொள்ளாத மென்பொருளே எல்லோரிடமும் மிஞ்சும். கருந்துளையின் வெப்பமூட்டலை வேறுவிதமாக எழுதிய ஒரு வானம், தூசைக் கூட்டிய ஒரு வானம், வரிகளின் விகிதத்தை வேண்டுமென்றே மாற்றிய ஒரு வானம் என்று பல வானங்கள் வேண்டும். அவற்றுள் சில, நாம் நம்பாத வானங்களாகவும் இருக்க வேண்டும்.

மற்றொன்று, உணரியின் இரைச்சலைக் கணினியில் எழுதுவதைவிட உண்மைப் படத்தின் இரைச்சலையே பயன்படுத்துவது நல்லது. இருண்ட ஆற்றல் ஆய்வு (டார்க் எனர்ஜி சர்வே) என்ற வானாய்வுத் திட்டத்தில் பால்ராக் என்ற முறையின்படி, எடுக்கப்பட்ட உண்மையான படங்களுக்குள் விடை தெரிந்த திரள்களைச் செருகி, மென்பொருள் அவற்றை மீட்டெடுக்கிறதா என்று பார்த்தார்கள். முழு வானத்தையும் படைப்பதைக் காட்டிலும் இது எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது.

ரோஸ்பேங்க் கணினியறை எழுதியது:

முதல் கருத்தில் நான் உங்கள் பக்கம்தான் ஐயா. அதை நம் துறை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்றே விரும்புகிறேன். அரைப் பகுப்பாய்வு மாதிரிகள் விரைவாக ஓடுவதால், ஒரே ஹாலோ மரத்தின்மீது வெவ்வேறு இயற்பியலைப் பூட்டிப் பல வானங்களை எடுக்க முடியும். நீரியக்கச் சிமுலேஷனில் அந்த வசதி சிறிய கனசதுரங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். காமல்ஸ் திட்டம் அதைத்தான் செய்கிறது: சிறு சிறு கனசதுரங்களில் ஆயிரக்கணக்கான சிமுலேஷன்களை அளவுருக்களை மாற்றி மாற்றி இயக்கியிருக்கிறார்கள்.

இரண்டாவது கருத்தில் பாதியைத்தான் ஏற்கிறேன். உண்மைப் படத்தில் திரளைச் செருக, முதலில் உண்மைப் படம் கையில் இருக்க வேண்டும். ரோமனுக்கு அது இனிமேல்தான் வரும். ரோமனும் சிலியில் உள்ள ரூபின் ஆய்வகமும் ஒரே வானத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஓப்பன் யுனிவர்ஸ் திட்டத்தில் ஆர்கோன் ஆய்வகத்தின் தீட்டா மீக்கணினியைக் கொண்டு 70 சதுர பாகைக்குப் படங்கள் செய்து, 2024இல் அவற்றின் முதல் பகுதியைப் பொதுவில் வைத்ததும் இந்தக் காரணத்துக்காகவே. மேலும், செருகும் முறை ஒரு திரள் தவறிப் போகுமா என்று சொல்லுமே தவிர, பெரும் அளவில் திரள்கள் கொத்தாகவும் வெற்றிடமாகவும் அமைவதில் தற்செயல் வேறுபாடு எவ்வளவு என்று சொல்லாது. நமக்குக் கிடைத்திருப்பது ஒரே அண்டம். நம் அளவீடு வேறொரு மூலையில் எவ்வளவு மாறியிருக்கும் என்று அறிய ஆயிரக்கணக்கான மாற்று அண்டங்களைக் கணினியில்தான் படைத்தாக வேண்டும். அதற்கு முழுச் சிமுலேஷன் கட்டுப்படியாகாது என்பதால் பினோக்கியோ போன்ற விரைவான தோராய முறைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

டொங்காட் மாணவி எழுதியது:

ஐயாமார்களுக்கு வணக்கம். நான் இயற்பியலில் ஆனர்ஸ் ஆண்டு படிக்கிறேன். என்னிடம் சாதாரண மடிக்கணினி மட்டுமே இருக்கிறது. மீக்கணினி இல்லாமல், இந்த வானங்களைக் கொண்டு உண்மையிலேயே பயன் தரும் ஒரு சிறு ஆய்வை என்னால் செய்ய முடியுமா?

ரோஸ்பேங்க் கணினியறை எழுதியது:

தாராளமாக முடியும் தங்கை. ஃபிளாக்‌ஷிப் பட்டியல் பார்சலோனாவிலிருந்து இயங்கும் காஸ்மோஹப் தளத்தில் கிடைக்கிறது. வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம், 340 கோடியையும் இறக்க வேண்டியதில்லை. சில சதுர பாகை அளவுக்கு எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு திரளுக்கும் ஹைட்ரஜன் ஆல்ஃபா வரியும் ஆக்சிஜன் வரியும் எந்த அலைநீளத்தில் விழும், எவ்வளவு வலிமையாக இருக்கும் என்று பட்டியலிலிருந்தே கணக்கிடுங்கள். அதன்மேல் இரைச்சலைச் சேர்த்து, ஒரே ஒரு வரி மட்டும் வரம்பைத் தாண்டும் திரள்களைப் பிரித்தெடுங்கள். 1500 நானோமீட்டர் அருகே விழும் ஒற்றை வரிகளில் எத்தனை விழுக்காடு ஹைட்ரஜன் அல்ல என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பிறகு பொறியாளர் ஐயா கேட்டதைச் செய்யுங்கள்: ஆக்சிஜன் வரிகளின் வலிமையை எல்லாத் திரள்களிலும் ஒன்றரை மடங்காக்கி அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். பிறகு பாதியாக்கிப் பாருங்கள். விழுக்காடு எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவுக்கு அந்த ஒரே பட்டியலை நம்பியிருப்பது ஆபத்து. அந்த ஆட்டத்தை ஒவ்வொரு அலைநீளத்துக்கும் வரைபடமாக்கினால் நல்லதோர் ஆனர்ஸ் ஆய்வேடாகிவிடும்.

கார்னார்வன் சாலை எழுதியது:

அந்தக் கணக்கில் தவறான தொலைவுக்குப் போகும் திரள்களைத் தனியே எடுத்து வையுங்கள், தங்கை. அவற்றுக்குரிய நடுநிலை ஹைட்ரஜன் வரி 1420 மெகாஹெர்ட்ஸிலிருந்து எந்த அலைவெண்ணுக்கு இறங்கியிருக்க வேண்டும், நாம் எங்கே தேடியிருப்போம் என்று இரண்டையும் பக்கத்தில் எழுதினால் மீர்காட் தரவை அடுக்குபவர்களுக்கு அது நேரடியாக உதவும். செம்பெயர்ச்சி 1.29 என்றால் ஏறத்தாழ 620 மெகாஹெர்ட்ஸ், 0.57 என்றால் சுமார் 905.

செட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரே வரிக்கு மூன்று தொலைவுகள் என்ற கணக்கைப் பதினொன்றாம் வகுப்பில் கால்குலேட்டர் கொண்டே போட வைக்கலாம் என்று நினைக்கிறேன். 1500 ஐ ஒவ்வொரு அலைநீளத்தாலும் வகுத்து ஒன்றைக் கழிப்பதுதானே! இரண்டாவது வரி எங்கே விழும் என்று தேடச் சொல்லி, அது யூக்ளிட்டின் நிறமாலை எல்லைக்குள் வருகிறதா என்றும் கேட்கப் போகிறேன். அந்த எல்லை எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள் தம்பி.

ரோஸ்பேங்க் கணினியறை எழுதியது:

அகன்ற ஆய்வுக்குப் பயன்படும் சிவப்புப் பிரிகைக்கு (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் உறுப்புக்கு) ஏறத்தாழ 1206 முதல் 1892 நானோமீட்டர் வரை அம்மா. செம்பெயர்ச்சி 1.29 உள்ள திரளின் ஆக்சிஜன் வரி 1147 இல் விழுவதால் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது, 2.00 உள்ள திரளின் ஹைட்ரஜன் ஆல்ஃபா வரி 1969 இல் விழுந்து மறுபக்கம் வெளியேறுகிறது. முதலில் இந்த இரண்டு எண்களையும் பிள்ளைகளே கணக்கிட்டுக் கண்டுபிடிக்கட்டும்.